விப்டெயிலா, வேறொன்றா? சாட்டைவால் கெளுத்தியை இனம் காண்பதில் வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழியும்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை என எந்த ஊர் மீன் கடையில் 'விப்டெயில்' (தொட்டியில் வளர்க்கும் சாட்டைவால் கெளுத்தி) கேட்டாலும் கவரில் வருவது நான்கைந்து பேரினங்களில் எதுவாகவும் இருக்கலாம். மொத்தச் சந்தையில் பெட்டி கட்டும்போதே பெயர் சுருங்கிவிடுகிறது. ரினெலோரிகேரியா, ஸ்டூரிசோமா, ஃபார்லோவெல்லா, லோரிகேரியா எல்லாமே ஒரே பெயரில் பேருந்து ஏறி வருகின்றன. பெயர் மாறினால் என்ன, மீன் மீன்தானே என்று விட முடியாது. இவற்றில் ஒன்று பாசியைச் சுரண்டித் தின்னும், ஒன்று மணலைச் சலித்துப் புழு தேடும், மற்றொன்று கிடைத்ததைத் தின்னும். பாசி தின்னும் மீனுக்கு ரத்தப்புழுவை மட்டும் போட்டாலும், மணல் மீனைக் கூழாங்கல் தொட்டியில் விட்டாலும், ஒன்றிரண்டு மாதத்தில் வயிறு ஒட்டி இறந்துபோகும். 'இந்த வகையே நம்ம தண்ணிக்கு ஆகாது' என்று சொல்லப்படும் இறப்புகளில் பல இப்படித் தவறாக இனம் கண்டதால் வருபவை.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வோம். பேரினத்தை (நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் கூட்டத்தை) வீட்டிலேயே உறுதியாகச் சொல்லிவிடலாம். சிற்றினத்தை, மீன் எந்த ஆற்றில் பிடிபட்டது என்று தெரியாமல், பல சமயம் சொல்லவே முடியாது. உணவு, மணல், நீரோட்டம் ஆகிய மூன்றையும் முடிவு செய்யப் பேரினம் போதும். எனவே இங்கே முக்கால் பங்கு பேரினத்தைப் பற்றியது.

மீனைப் பார்க்கும் விதம்

வலையால் பிடிக்காதீர்கள். துடுப்பு முட்களும் கன்னத்து முட்களும் வலைக்கண்ணில் சிக்கும். இழுத்தால் துடுப்பு கிழியும், வால் துடுப்பின் முனையிலிருந்து நீளும் நூல் அறுந்துபோகும். அந்த நூல்தான் அடையாளத்தில் பாதி. அல்வாவோ மிக்சரோ போட்டுத் தரும் சதுரமான, நிறமில்லாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றை நன்றாகக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், கல் உப்பும் வெந்நீரும் போதும். டப்பாவைத் தொட்டிக்குள் சாய்த்து மீனைக் கையால் மெல்ல உள்ளே ஓட்டி, 5 செ.மீ. தண்ணீரோடு தூக்குங்கள். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், டப்பாவைத் தலைக்கு மேல் உயர்த்தி அடியிலிருந்து ஒரு படம் என மூன்று எடுக்க வேண்டும். அடியிலிருந்து எடுக்கும் படத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாயும் வயிற்றுத் தகடுகளும் அதில்தான் தெரியும். டப்பாவுக்கு அடியில் ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்தால் நீளமும் கிடைக்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் டப்பாவில் வைக்க வேண்டாம்.

வாங்கிய அன்றே படம் எடுக்காதீர்கள். பயணக் களைப்பில் நிறம் வெளிறியிருக்கும். ஒரு வாரம் கழித்து, விளக்கு எரிந்து இரண்டு மணி நேரமான பிறகு எடுங்கள். இரவில் இவற்றின் நிறம் வேறாக இருக்கும்.

அறிகுறி: விப்டெயில் என்று வாங்கியது, வால் பக்கம் தடித்துக்கொண்டே போகிறது

முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னதாக இன்னொரு துடுப்பு, முன்னால் ஒரு குட்டி முள்ளோடு, இருக்கிறதா பாருங்கள். அதற்குக் கொழுப்புத் துடுப்பு என்று பெயர். அது இருந்தால் விப்டெயில் இல்லை. பெரும்பாலும் சாதாரண சக்கர் மீனின் குஞ்சாக இருக்கும். விப்டெயில் கூட்டத்தில் எந்தப் பேரினத்துக்கும் கொழுப்புத் துடுப்பு கிடையாது. வால்காம்பும், அதாவது வால் துடுப்புக்கு முன்னுள்ள பகுதியும், வேறு மாதிரி. சக்கருக்கு அது பக்கவாட்டில் உயரமாக இருக்கும். விப்டெயிலுக்கு மேலும் கீழும் அமுங்கி, பனை ஈர்க்கை நசுக்கியதுபோல் தட்டையாக, தகடுகள் மூடிப் போகும்.

முதுகுத் துடுப்பின் கதிர்களையும் எண்ணலாம். விப்டெயிலில் முன்முள்ளுக்குப் பின்னால் சுமார் 7 மென்கதிர்கள் இருக்கும். சக்கருக்கு 10, அதற்கும் மேல். விரித்தால் பாய்மரம் மாதிரி நிற்கும். உடம்பில் தகடே இல்லாமல் சாதாரணச் செதில் இருந்தால் அது பாசி தின்னும் மீன் என்று விற்கும் கெண்டை இன உறவு. இந்தப் பேச்சுக்கே சம்பந்தமில்லாதது.

சக்கர் என்று தெரிந்துவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள், இல்லை 40 செ.மீ.க்கு மேல் வளரும் மீனுக்குத் தகுந்த தொட்டி தேடுங்கள். வெண்ணாற்றிலோ வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ மட்டும் விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இந்த மீன் ஏற்கெனவே குடியேறிப் பெருகி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடும் பழக்கம் அதற்கு உண்டு. மண் கரைகளை நம்பியே பாசனம் நடக்கும் டெல்டாவில் அது சின்ன விஷயமில்லை.

அறிகுறி: குச்சி மாதிரி இருக்கிறது, ட்விக் என்றும் சொல்கிறார்கள், ராயல் என்றும் சொல்கிறார்கள்

அதிகக் குழப்பம் இங்கேதான். 'ட்விக்' என்பது ஃபார்லோவெல்லாவின் கடைப் பெயர். 'ராயல் ஃபார்லோவெல்லா' என்று கடையில் விற்கும் மீன் ஃபார்லோவெல்லாவே அல்ல. அது ஸ்டூரிசோமா அல்லது ஸ்டூரிசோமாடிக்திஸ். குஞ்சாக 6, 7 செ.மீ. இருக்கும்போது இரண்டும் பழுப்புக் குச்சிகள்தான். பிரிக்க ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும்.

பக்கவாட்டுப் படத்தில் முதுகுத் துடுப்பு தொடங்கும் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுங்கள். கோடு குதத் துடுப்பின் (மலவாய்க்குப் பின்னால் அடியில் உள்ள ஒற்றைத் துடுப்பு) தொடக்கத்திலோ அதை ஒட்டியோ விழுந்தால் ஃபார்லோவெல்லா. அதாவது முதுகுத் துடுப்பு உடம்பில் மிகவும் பின்னால் தள்ளி இருக்கும். கோடு இடுப்புத் துடுப்புக்கு (வயிற்றடியில் உள்ள இணைத் துடுப்பு) அருகில், குதத் துடுப்புக்கு நன்றாக முன்னால் விழுந்தால் ராயல். இந்த அடையாளம் குஞ்சிலும் மாறாது, வால் அறுந்தாலும் மாறாது, நிறத்தையும் சார்ந்ததில்லை. மற்ற எல்லாவற்றையும் விட இதை நம்புங்கள்.

துணை அடையாளங்களும் உண்டு. ஃபார்லோவெல்லா தென்னை ஈர்க்குச்சி கனத்தில் தொடங்கி, வளர்ந்த பிறகும் பென்சில் பருமன்தான். மூக்கு வாயைத் தாண்டி ஊசியாக நீளும். ராயலுக்கும் மூக்கு நீளும், ஆனால் தலை அகன்று, மார்புப் பகுதி தடித்து, முதுகுத் துடுப்பு உயரமாக நிற்கும். வளர்ந்த ராயலில் வால் துடுப்பின் மேல் முனை, கீழ் முனை இரண்டிலிருந்தும் நூல் நீளும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கழிமுகத்தில் பிடிபட்டதை 'ட்விக்' என்று யாராவது கொடுத்தால் வாயைப் பாருங்கள். வாய் மூக்கின் நுனியில் குழாயாக இருந்தால் அது குழாய்மீன். வாய்க்காலில் மேல்மட்டத்தில் திரியும் நீண்ட அலகுள்ள ஊசி மீனுக்கும் வாய் முன்னாலேயே திறக்கும். விப்டெயில் கூட்டம் முழுவதுக்கும் வாய் தலைக்கு அடியில், உறிஞ்சும் தட்டாக இருக்கும். இவை அனைத்தும் தென் அமெரிக்காவையும் பனாமா பக்கத்தையும் சேர்ந்தவை. காவிரியில் இயற்கையாக எதுவும் கிடையாது.

ராயல் என்று உறுதியானால் பெயரில் அடுத்த சிக்கல் வரும். பழைய கையேடுகளில் ஸ்டூரிசோமா ஃபெஸ்டிவம், ஆரியம், பனமென்ஸ் என்று இருப்பவை இப்போது ஸ்டூரிசோமாடிக்திஸ் பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஆண்டிஸ் மலைக்கு மேற்கிலும் வடக்கிலும் உள்ள ஆறுகள் அவற்றுக்கு ஊர்: கொலம்பியாவின் மக்தலேனா, வெனிசுலாவின் மரகைபோ ஏரிப் படுகை, பனாமா. அமேசான், ஒரினோகோ, பராகுவே ஆறுகளைச் சேர்ந்தவை ஸ்டூரிசோமாவாகவே நீடிக்கின்றன. கடையில் பண்ணைக் குஞ்சாக வருவது பெரும்பாலும் முதல் கூட்டம். இரண்டு பெயரையும் ஒரே மீனுக்குப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

அறிகுறி: வாலில் நூலே இல்லை, அறுந்திருக்கிறது

நூலை வைத்து இனம் சொல்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். கவரில் மடங்கியோ, ஏஞ்சல், பார்ப் மீன்கள் கடித்தோ நூல் போயிருக்கும். மேல் முனையில் மட்டும் நூல் இருந்த ரினெலோரிகேரியாவா, இரண்டு முனையிலும் இருந்த ராயலா என்று தெரியாது.

அப்போது வால் துடுப்பு விரிந்த நிலையில் படம் எடுத்து, மேல் முள்ளுக்கும் கீழ் முள்ளுக்கும் நடுவே கிளைத்த கதிர்களை எண்ணுங்கள். 12 இருந்தால் ராயல் அல்லது ஃபார்லோவெல்லா. 10 இருந்தால் ரினெலோரிகேரியா, லோரிகேரியா கூட்டம். ஓரத்து இரண்டு முள்ளையும் சேர்த்து எண்ணி 14, 12 என்று சொல்வதும் இதேதான். ஒருவர் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் எண்ணுவதால்தான் பல தவறுகள் வருகின்றன.

கதிர் கிழிந்து எண்ண முடியாவிட்டால் மேலிருந்து எடுத்த படத்தில் கண்ணைப் பாருங்கள். கண்குழியின் பின் ஓரம் சிறிய வெட்டுப்போல உள்வாங்கியிருந்தால் ரினெலோரிகேரியா, லோரிகேரியா பக்கம். குழி முழு வட்டமாக இருந்தால் ராயல், ஃபார்லோவெல்லா பக்கம். ரினெலோரிகேரியாவில் இந்த வெட்டு ஆழமில்லாதது, பக்கவாட்டு வெளிச்சம் இல்லையென்றால் தெரியாது. டார்ச்சை ஓரமாகச் சாய்த்துப் பிடியுங்கள்.

நூல் திரும்ப வளருமா? முள்ளின் அடிப்பகுதி முழுதாக இருந்தால் மெதுவாக வளரும், பழைய நீளம் எட்டாமலும் போகலாம். நீளத்தை வைத்து அதற்குப் பிறகு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி: கண்ணாடியில் ஒட்டுவதில்லை, எந்நேரமும் மணலில் புதைந்து கிடக்கிறது

நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவதற்கு முன்னால் அடியிலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். உதட்டில் நுண்ணிய புள்ளிப் புள்ளியான குமிழ்கள் மட்டும் இருந்தால் ரினெலோரிகேரியா. உதட்டு ஓரத்திலிருந்து நூல் நூலாக, சின்ன மீசைகளின் கூட்டம்போல் தொங்கினால் லோரிகேரியா அல்லது சூடோஹெமியோடான் வகை. தலை தோசைத் திருப்பி மாதிரி அகன்று தட்டையாக, கண் இரண்டும் மேலே பார்த்தபடி இருந்தால் சூடோஹெமியோடான், பிளானிலோரிகேரியா பக்கம் போய்விட்டீர்கள். இவை மணலில் புதைவது இயல்பு. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும்.

இந்த மீன்கள் சக்கர் மீனுக்குப் போடும் வில்லைத் தீனியை நம்பி வாழாது. மணலை வாயில் அள்ளி, தின்னத் தக்கதை வைத்துக்கொண்டு மீதியைச் செவுள் வழியே விடும். உறைந்த ரத்தப்புழு, நறுக்கிய மண்புழு, அடியில் மூழ்கும் சிறு உருண்டைத் தீனி ஆகியவற்றை விளக்கணைத்த பிறகு போடுங்கள். கூடவே வேகமாகத் தின்னும் மீன் இருந்தால் இவற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மணல்தான் உயிர்நாடி. 1 மி.மீ.க்குக் குறைந்த, உருண்டை விளிம்புள்ள ஆற்று மணல், 4 முதல் 5 செ.மீ. கனம். இப்போது கட்டட வேலைக்கு எங்கும் கிடைப்பது எம்-சாண்ட். அது உடைத்த கல், விளிம்பு கூர்மை. உதட்டு மீசைகள் தேய்ந்து, வயிற்றில் சிவப்புக் கீறல் விழும், பிறகு அங்கே பூஞ்சை பிடிக்கும். கையில் ஒரு பிடி மணலை இறுக்கித் தேய்த்துப் பாருங்கள், குத்தினால் வேண்டாம். கடற்கரை மணலும் வேண்டாம். அதில் சிப்பித்தூள் கலந்திருக்கும், தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு தேக்கரண்டி மணலில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

அறிகுறி: சிவப்பு மீன் பழுப்பாகிறது, குஞ்சுகள் எல்லாம் பழுப்பு

'ரெட் லிசார்ட்' என்று விற்கும் செங்கல் நிற மீனுக்கு வணிக எண் எல்010ஏ. எல் எண் முறை 1988-இல் ஜெர்மன் மீன் இதழ் ஒன்றில் தொடங்கியது. பெயரிடப்படாத மீன்களுக்கு ஒரு தற்காலிக அடையாளம். எல்010 என்பது ஒரு மீன், பின்னால் 'ஏ' சேர்த்தது வேறொரு மீன். அந்த ஓர் எழுத்தை விட்டுவிடுவது இங்கே பரவலான பிழை. எல்010ஏ தொட்டிகளில் பெருக்கப்பட்ட ரினெலோரிகேரியா; காட்டில் பிடித்த சிற்றினத்தின் பெயரை அதற்குப் போடாதீர்கள். நன்றாக வளர்ந்தால் சுமார் 12 செ.மீ.

நிறம் மங்குவதற்குக் காரணங்கள் பல. அடியில் வெள்ளை மணல் இருந்தால் மீன் வெளிறும், கருமணலில் அடர்ந்து தெரியும். பயம், பசி, கோடை வெப்பம் எல்லாம் நிறத்தை எடுத்துவிடும். இவை சரியான பிறகும் ஒரு மாதத்தில் சிவப்பு திரும்பவில்லையென்றால் கலப்புக் குஞ்சாக இருக்கலாம். பழுப்பு ரினெலோரிகேரியாவோடு ஒரே தொட்டியில் வைத்தால் கலந்துவிடும். குஞ்சுகள் பழுப்பாகவோ இரண்டுங்கெட்டான் நிறமாகவோ வரும். அந்தக் குஞ்சுகளை 'ரெட் லிசார்ட்' என்று விற்பதால்தான் அடுத்தவர் குழம்புகிறார். சிவப்பையும் பழுப்பையும் தனித் தொட்டியில் வையுங்கள்.

அறிகுறி: ஒரே கவரில் வாங்கிய இரண்டும் இரண்டு இனம் மாதிரி இருக்கின்றன

பெரும்பாலும் ஆணும் பெண்ணும். ரினெலோரிகேரியா ஆணுக்குக் கன்னத்திலும், மார்புத் துடுப்பின் முன்முள்ளிலும், சில சமயம் உச்சந்தலையிலும் தூரிகை மாதிரி முட்கள் அடர்ந்து வளரும். மேலிருந்து பார்த்தால் ஆணின் தலை சதுரமாகவும் பெண்ணின் தலை கூம்பாகவும் தெரியும். ராயல் ஆணுக்குக் கன்னத்தில் மட்டும் தாடிபோல் வரும். ஃபார்லோவெல்லா ஆணுக்கு மூக்கின் இரு பக்கமும் முட்கள் வந்து, மூக்கே அகன்று காட்டும். பெண்ணின் மூக்கு ஊசியாகவே இருக்கும். இதைப் பார்த்து 'தடித்த மூக்கு ட்விக் தனி இனம்' என்று விலை கூட்டிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

முட்கள் முட்டைக் காலத்தில் நீளும், பிறகு குட்டையாகும். இளமீனில் இருக்காது. எனவே முள் இல்லாததைப் பெண் என்று சொல்ல மீன் முழு வளர்ச்சி அடைந்திருக்க வேண்டும்.

அறிகுறி: தொட்டியில் முட்டை தெரிகிறது

இதை விட நல்ல சான்று கிடைக்காது. முட்டை எங்கே, யாரிடம் இருக்கிறது என்பதே பேரினத்தைச் சொல்லிவிடும்.

குழாய்க்குள் ஒட்டி, ஆண் மேலே படுத்து விசிறிக்கொண்டிருந்தால் ரினெலோரிகேரியா. முக்கால் அங்குல அல்லது ஒரு அங்குல பி.வி.சி. குழாயை 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், இரு முனையும் திறந்தபடி வெட்டிப் போட்டிருந்தால் பெரும்பாலும் அதைத்தான் தேர்ந்தெடுக்கும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். 26 டிகிரியில் ஒன்பது, பத்து நாளில் பொரியும். முட்டை பச்சை நிறமாகத் தோன்றுவது இந்த மீனில் இயல்பே. வெள்ளையாகிப் பஞ்சு பிடித்ததுதான் கெட்ட முட்டை. அதை ஆணே பெரும்பாலும் அகற்றிவிடும். பயந்து குழாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆண் முட்டையை விட்டுவிடும், சில சமயம் தின்றுவிடும்.

செங்குத்துக் கண்ணாடியிலோ இலையிலோ திறந்தவெளியில் ஒட்டியிருந்தால், நீரோட்டம் படும் இடத்தில் இருந்தால், ராயல் அல்லது ஃபார்லோவெல்லா. இவற்றிலும் காவல் ஆண்தான். குஞ்சு வளர்ப்பது ரினெலோரிகேரியாவை விடக் கடினம். ராயல் குஞ்சு இரை தேடி ஓடாது. இருக்கும் இடத்தில் எப்போதும் உணவு இருக்க வேண்டும். பாசி படிந்த தட்டையான கற்களை வெயிலில் ஒரு வாளியில் முன்கூட்டியே தயார் செய்து, நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கொடுங்கள்.

முட்டைக் கொத்தை ஆண் தன் உதட்டில் தொங்கவிட்டுக்கொண்டு நீந்தினால் லோரிகேரியா, லோரிகேரிக்திஸ் அல்லது சூடோஹெமியோடான் வகை. உதட்டு நூலைப் பார்க்கத் தவறியிருந்தால்கூட இங்கே திருத்திக்கொள்ளலாம். அந்த ஆணைத் தொந்தரவு செய்தால் கொத்தைக் கீழே போட்டுவிடும். படம் எடுக்கும் ஆசையை அன்றைக்குத் தள்ளிவையுங்கள்.

அறிகுறி: பேரினம் தெரிகிறது, சிற்றினம் பிடிபடவில்லை

பிடிபடாததில் தவறில்லை. ரினெலோரிகேரியாவில் மட்டும் 60-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன, பழுப்பில் கருந்திட்டு என்பது பாதிக்கு மேல் பொருந்தும் வர்ணனை. 'பார்வா', 'லிமா', 'ஐகன்மன்னி' என்று பட்டியலில் இருப்பதை அப்படியே ஏற்காதீர்கள். அவை பெரும்பாலும் வழக்கத்தால் ஒட்டிக்கொண்ட பெயர்கள். ஃபார்லோவெல்லாவில் 'அகஸ்' என்று விற்பதும் இதே கதை. உண்மையான ஃபார்லோவெல்லா அகஸ் வெனிசுலாவின் வலென்சியா ஏரிப் பகுதியில் மட்டும் வாழும் அரிய மீன். கடைக்கு வருவது அநேகமாக ஃபார்லோவெல்லா விட்டாட்டா என்ற சிற்றினமோ அதன் உறவுகளோதான். ஹெமிலோரிகேரியா என்று ஒட்டியிருந்தால் ரினெலோரிகேரியா என்று படித்துக்கொள்ளுங்கள், பழைய பெயர்.

முயல விரும்பினால் இந்த வரிசையில் போங்கள். முதலில் பிடிபட்ட ஆறு. இறக்குமதி செய்தவரிடம் பெட்டிச் சீட்டைக் கேட்டால் நாடாவது தெரியும். பிறகு வயிற்றுத் தகடுகள். ரினெலோரிகேரியாவில் மலவாய்க்கு முன்னால் பலகோணமான ஒரு தகடும் அதைச் சுற்றிப் பெரிய தகடுகளும் இருக்கும். மார்புத் துடுப்புகளுக்கு நடுவே தகடு முழுவதும் மூடியிருக்கிறதா, ஓரத்தில் தோல் தெரிகிறதா என்பது சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். ஃபார்லோவெல்லாவில் மார்புத் துடுப்புக்குப் பின்னால் வயிற்றில் தகடுகள் இரண்டு வரிசையா மூன்று வரிசையா என்று எண்ணுங்கள். அடுத்து பக்கத் தகடுகளின் எண்ணிக்கை. ரினெலோரிகேரியாவில் அது 30-ஐ ஒட்டி நிற்கும், வால் அடியில் உள்ள கடைசி இரண்டு மிகச் சிறியவை, படத்தைப் பெரிதாக்காமல் எண்ணினால் விட்டுப்போகும். நிறத்தைக் கடைசியில் மட்டும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு பெயருக்கு நடுவே நின்றால் 'ரினெலோரிகேரியா, சிற்றினம் தெரியாது' என்று எழுதுங்கள். தவறான முழுப்பெயரை விட அது பயனுள்ளது. அந்த மீனின் குஞ்சை வாங்குபவருக்கு எதைக் கலக்கக் கூடாது என்றாவது தெரியும்.

அறிகுறி: இனம் சரியாகத் தெரிந்தும் மெலிகிறது

ஃபார்லோவெல்லாவுக்கு இது அதிகம். கடைத் தொட்டியில் பாசியே இல்லாமல் பல நாள் இருந்துவிட்டு வரும். வாங்கும்போதே அடிவயிற்றைப் பாருங்கள். உள்வாங்கிக் குழிந்திருந்தால், விலை குறைத்தாலும் வேண்டாம். வீட்டுத் தொட்டி மூன்று மாதமாவது ஓடி, கண்ணாடியிலும் கட்டையிலும் மெல்லிய பாசிப் படலம் பிடித்திருக்க வேண்டும். அதற்கு மேல் சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி ஆகியவற்றை அரை விரல் கனத்தில் நறுக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, முள்கரண்டியில் குத்தி அடியில் வையுங்கள். மாலையில் வைத்துக் காலையில் எடுத்துவிடுங்கள். கட்டையாக முருங்கையோ தென்னை மட்டையோ வேண்டாம், அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

ரினெலோரிகேரியாவுக்குக் காயும் கொடுக்கலாம், வாரத்தில் மூன்று நாள் புழுவும் வேண்டும். ராயல் இரண்டுக்கும் நடுவில், பாசிப் பக்கம் சாய்ந்தது.

தண்ணீரைப் பொறுத்தவரை, டெல்டாவில் கடலை நெருங்க நெருங்க போர் தண்ணீரில் உப்பு ஏறும். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரை மட்டும் நம்ப வேண்டாம். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 500-க்கு மேல் காட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் பிடித்த மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ பாதிக்குப் பாதி கலந்து, ஒரே நாளில் மாற்றாமல் இரண்டு வாரத்தில் மெதுவாகக் குறையுங்கள். ஆற்றில் புதுத்தண்ணீர் கலங்கி வரும் நாட்களில் குழாய் நீரில் பிளீச்சிங் நெடி தூக்கலாக இருந்தால், ஒரு நாள் காற்றோட்டத்தோடு வைத்த நீரையோ சோடியம் தயோசல்பேட் சேர்த்த நீரையோ மட்டும் பயன்படுத்துங்கள். 1 மி.கி. குளோரினுக்குச் சுமார் 7 மி.கி. தயோசல்பேட் கணக்கு.

சித்திரை, வைகாசியில் தொட்டி 32 டிகிரியைத் தொடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மி.கி.க்குச் சற்று மேல் கரையக்கூடிய ஆக்சிஜன், 32 டிகிரியில் சுமார் 7.3 ஆகிவிடும். ஓடும் ஆற்று மீன்களான ராயலும் ஃபார்லோவெல்லாவும்தான் முதலில் தவிக்கும். ஃபில்டர் வாய்க்கு அருகே மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு செவுளை வேகமாக அடிக்கும். தொட்டி மூடியைத் திறந்து நீர்ப்பரப்பில் படும்படி சிறு விசிறி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி குறையும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். இந்த நேரத்தில் நோய் என்று நினைத்து ஒரு பிடி உப்போ தாமிரம் கலந்த மருந்தோ போட்டால், மூச்சுக்குத் தவிக்கும் மீனை அதுவே முடித்துவிடும்.

வாங்கும்போது 8 செ.மீ.க்குக் குறைந்த மீனாக இருந்தால், இன்று கண்ட அடையாளத்தைப் பென்சிலால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே டப்பாவில், அதே மூன்று கோணத்தில் மறுபடி படம் எடுங்கள். முள், நூல், உதடு மூன்றும் அப்போதுதான் முழுதாகத் தெரியும்.